கிரின்னெல், கார்ல்டன், மெக்காலெஸ்டர்: மூன்றிலும் இடம் கிடைத்துவிட்டது, எதை விடுவது?

உறையூர்_அப்பா | ஏப்ரல் 5, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வருகிறவன். முதல் முறை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருக்கிறாள். அமெரிக்காவில் பதினோரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். எட்டு இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றில் கிடைத்திருக்கிறது, மூன்றும் உதவித்தொகையோடு. அயோவா மாநிலத்தில் கிரின்னெல், மினசோட்டாவில் கார்ல்டன், அதே மினசோட்டாவில் மெக்காலெஸ்டர். மே 1-க்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், மூன்றையும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றும் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி, அதாவது கலை, அறிவியல் இரண்டையும் கலந்து இளநிலைப் பட்டத்துக்குச் சொல்லித்தரும் சின்னக் கல்லூரி. மூன்றிலும் மொத்தமே இரண்டாயிரம் பிள்ளைகள் அளவுதான். எங்கள் தெரு மெட்ரிக் பள்ளியில் இதைவிடக் கூட்டம். 1846, 1866, 1874 என்று மூன்றும் பழையவை. மூன்றிலும் குளிர் கொல்லும் என்கிறார்கள். மூன்று இணையதளத்திலும் நான்கு பிள்ளைகள் புல்வெளியில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். சில சமயம் அதே நான்கு பிள்ளைகளோ என்று சந்தேகம் வருகிறது.

அவளுக்குப் பொருளியலும் கணக்கும் படிக்க ஆசை. வரலாற்றையும் விட மனசில்லை. நான் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறேன், மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. முழுக் கட்டணம் வருடத்துக்கு 80,000 டாலரைத் தாண்டும். உதவித்தொகை போக நாங்கள் கட்ட வேண்டியது என்று கடிதங்களின் அடியில் போட்டிருக்கும் தொகை: 6,200, 7,100, 8,900 டாலர். எது எந்தக் கல்லூரி என்று எழுதக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள், அதனால் அ, ஆ, இ என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய ரேட்டில் ஐந்தரை லட்சத்திலிருந்து எட்டு லட்சம் வரை வருகிறது.

சொந்தக்காரர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "ஆர்ட்ஸ் காலேஜ் படிக்க அமெரிக்கா எதுக்கு? சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்திலேயே இருக்கே!"

---

அடையாறு_ஆலமரம் | ஏப்ரல் 5, இரவு 10.15

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். உங்கள் சொந்தக்காரர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்த மூன்று பெயரையும் சென்னையில் நூறு பேரிடம் சொல்லுங்கள், ஒருவருக்குத் தெரிந்தால் அதிசயம். நாளைக்குத் திரும்பி வந்து வேலை தேடும்போது "அது எங்கே இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். ஏதாவது பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டிருக்கலாமே?

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 5, இரவு 10.31

போட்டோம் சார். இரண்டு இடத்தில் கேட்டோம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பண உதவி கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். எங்களை மாதிரி ஆட்களுக்குக் கை கொடுப்பது இந்தச் சின்னக் கல்லூரிகள்தான்.

---

பனிக்கரடி | ஏப்ரல் 6, காலை 6.05

முதலில் வாழ்த்துகள் சொல்லுங்கள் மகளிடம். வெளிநாட்டு மாணவர், அதுவும் இவ்வளவு உதவித்தொகையோடு, மூன்று இடம் என்பது சாதாரணமில்லை.

நான் மினியாப்பொலிஸ் பக்கம் பதினாறு வருடமாக இருக்கிறேன். கிரின்னெல் பற்றி எனக்கு அதிகம் சொல்ல முடியாது. மற்ற இரண்டும் பக்கத்து வீடு மாதிரி. வெளியிலிருந்து ஒன்றாகத் தெரியும், உள்ளே போனால் நாள் நகரும் விதமே வேறு.

கார்ல்டனில் செமஸ்டர் கிடையாது. வருடத்துக்கு மூன்று பருவம், ஒவ்வொன்றும் பத்து வாரம். ஒரு பருவத்தில் மூன்றே பாடம். கேட்க லேசாக இருக்கும். ஆனால் பத்து வாரத்தில் ஒரு பாடத்தை முடிக்க வேண்டும் என்றால் நான்காவது ஐந்தாவது வாரத்தில் இடைத்தேர்வு வந்து நிற்கும். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் பத்தில் ஒரு பங்கு போச்சு. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜூன் முதல் வாரம் வரை போகும். மற்ற கல்லூரிப் பிள்ளைகள் மே நடுவிலேயே கோடைப் பயிற்சிக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொரு பக்கம், நவம்பர் கடைசியில் நன்றி நவிலல் நாளுக்கு முன்பு முதல் பருவம் முடிந்தால் ஜனவரி முதல் வாரம் வரை லீவு. ஆறு வாரம் போல வரும். ஊர்ப் பெயர் நார்த்ஃபீல்டு, மினியாப்பொலிஸிலிருந்து நாற்பது மைல் தெற்கே. அதே ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் ஓலஃப் என்று இன்னொரு கல்லூரி. 1876-இல் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கூட்டம் இந்த ஊர் வங்கியைக் கொள்ளையடிக்க வந்து, ஊர்க்காரர்களிடம் அடி வாங்கி ஓடியது. இன்னமும் வருடா வருடம் அதை நடித்துக் காட்டித் திருவிழா எடுக்கிறார்கள். நீங்களும் வங்கிக்காரர் என்பதால் சொல்லி வைத்தேன்.

மெக்காலெஸ்டர் செயின்ட் பால் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. வாசலில் கிராண்டு அவென்யூ, கடை கண்ணி எல்லாம் நடந்து போகும் தூரம். ஸ்னெல்லிங் சாலையில் ஏ லைன் பஸ் ஏறி, 46-வது தெரு ஸ்டேஷனில் புளூ லைன் ரயில் மாறினால் விமான நிலையம். முதல் தடவை தனியாக வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயமில்லை. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் 1961-இல் பட்டம் வாங்கிய இடம் அது, அவரும் பொருளியல்தான். 1950-இலிருந்து ஐ.நா. கொடி பறக்கவிடுகிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் அங்கே நிறையப் பேர்.

இங்கே மினசோட்டா தமிழ்ச் சங்கம் இருக்கிறது, மேப்பிள் குரோவில் பெரிய கோயில் இருக்கிறது. குளிரைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டேன். ஜனவரியில் சில நாள் மைனஸ் 25 போகும். ஆனால் அயோவாவும் ஒன்றும் கன்னியாகுமரி இல்லை.

---

சோளக்காட்டு_அக்கா | ஏப்ரல் 6, காலை 8.20

கரடி தம்பி கடைசி வரியில் எங்கள் ஊரை இழுத்ததால் வர வேண்டியதாயிற்று.

கிரின்னெல் என்பது கல்லூரிப் பெயர் மட்டுமில்லை, ஊர்ப் பெயரும் அதுதான். மக்கள்தொகை பத்தாயிரத்தைத் தொடாது. டெ மாயினிலிருந்து கிழக்கே ஒரு மணி நேர ஓட்டம், இரண்டு பக்கமும் சோளம், அப்புறம் சோயா, அப்புறம் மறுபடியும் சோளம். ஊர் நடுவில் கட்டடக் கலைஞர் லூயி சல்லிவன் 1914-இல் கட்டிய ஒரு சின்ன வங்கி இருக்கிறது, நகைப்பெட்டி மாதிரி இருக்கும். (இந்த இழையில் எல்லாமே வங்கியில் வந்து நிற்கிறது.) கோயில் வேண்டுமென்றால் டெ மாயினுக்கு வடக்கே மேட்ரிட் என்ற ஊருக்குப் போக வேண்டும். கார் இல்லாமல் நடக்காது.

பாடத்திட்டத்தில்தான் விஷயம் இருக்கிறது. கிரின்னெலில் எல்லோரும் கட்டாயமாக எடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று, முதல் பருவத்து டியூட்டோரியல். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து ஒரு தலைப்பைப் படித்து எழுதப் பழகுவார்கள். அந்த ஆசிரியர்தான் முதலில் அவளுக்கு ஆலோசகர். மீதியெல்லாம் மாணவர் விருப்பம். மேஜருக்கு, அதாவது பட்டம் வாங்கும் முதன்மைப் பாடத்துக்கு, வேண்டியதைப் படித்தாக வேண்டும், அது எங்கேயும் உண்டு. ஆனால் "இரண்டு அறிவியல் எடு, ஒரு மொழி எடு" என்று கல்லூரி சொல்லாது. கணக்கு, பொருளியல், வரலாறு மூன்றையும் இழுத்துக்கொண்டு போக நினைக்கிற பிள்ளைக்கு இது வரம். என்ன வேண்டும் என்று தெரியாத பிள்ளைக்கு இதுவே தலைவலி.

இன்டெல் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவர் ராபர்ட் நாய்ஸ், 1949-இல் இங்கே பட்டம் வாங்கினார். படிக்கும் காலத்தில் விருந்துக்காகப் பக்கத்துப் பண்ணையில் பன்றி திருடி, ஒரு செமஸ்டர் வெளியே அனுப்பப்பட்டார். அவருடைய இயற்பியல் ஆசிரியர்தான் பெல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கி, டிரான்சிஸ்டரை ஆரம்ப காலத்திலேயே இந்தச் சோளக்காட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர். சின்னக் கல்லூரியில் ஒரு ஆசிரியர் என்ன செய்ய முடியும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் கதை இது.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 6, மதியம் 1.10

எல்லோரும் கொடி, கொள்ளை, பன்றி என்று பேசுகிறீர்கள். நான் பணத்துக்கு வருகிறேன்.

உறையூர் சார், அந்த 6,200, 7,100, 8,900 மூன்றையும் அப்படியே ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு கல்லூரியும் கடிதத்தை ஒவ்வொரு மாதிரி எழுதும். கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு இதையெல்லாம் பாருங்கள்.

மருத்துவக் காப்பீடு அந்தத் தொகைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? வெளியே என்றால் வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் தனியாக வரும்.

"வளாக வேலை" என்று ஒரு தொகையைக் கழித்திருக்கிறார்களா? அது உதவித்தொகை இல்லை, உங்கள் மகள் நூலகத்திலோ சாப்பாட்டுக் கூடத்திலோ வேலை செய்து சம்பாதிக்க வேண்டிய பணம். கட்டண பில் ஆகஸ்டில் வரும், சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துளித்துளியாக வரும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முதல் வருடம் எட்டுப் பத்து மணி நேரமே போதும்.

கடன் ஏதாவது உதவி என்ற பெயரில் ஒளிந்திருக்கிறதா? விமானச் செலவு கணக்கில் சேர்ந்திருக்கிறதா? கட்டணம் வருடா வருடம் ஏறும்போது உதவியும் கூடவே ஏறுமா, அல்லது இந்த வருடத் தொகையிலேயே நின்றுவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் மூன்று இடத்துக்கும் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வரியும் உண்டு. படிப்புக் கட்டணத்துக்கு மேல், அறைக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கும் உதவித்தொகை அங்கே வரிக்கு உட்பட்ட வருமானம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அதில் 14 சதவீதம் பிடிப்பார்கள். இந்திய மாணவர்களுக்கு மட்டும் இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-வது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத ஸ்டாண்டர்டு டிடக்ஷனை (வருமானத்தில் வரியில்லாமல் கழித்துக்கொள்ளும் தொகை) நம் பிள்ளைகள் எடுக்கலாம். பிடித்ததில் நிறையத் திரும்ப வரும், ஆனால் மறுவருடம் ரிட்டர்ன் போட்டால்தான்.

இங்கிருந்து அனுப்பும்போது வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் போனால் டி.சி.எஸ். (வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், கல்விக் கடன் பணத்துக்கு அது கிடையாது. அது உங்களுக்குத் தெரியாததா.

---

துணைப்பாடம் | ஏப்ரல் 6, இரவு 11.50

நான் பென்சில்வேனியாவில் இதே மாதிரி ஒரு சின்னக் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். இந்த மூன்றில் எதிலும் வேலை பார்த்ததில்லை, அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

யு.எஸ். நியூஸ் பத்திரிகை போடும் தரவரிசையை மூடி வையுங்கள். மூன்றும் ஒரே அடுக்குதான். இரண்டு இடம் மேலே கீழே என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. ரீட் கல்லூரி 1995-லேயே அந்தப் பத்திரிகைக்குத் தகவல் கொடுப்பதை நிறுத்திவிட்டது, அதனால் அதன் மாணவர்கள் யாரும் கெட்டுப்போகவில்லை. ஆலமரம் சாருக்கு ஒரு தகவல்: பட்டம் வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பிறகு பி.எச்டி. முடிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கணக்கு எடுக்கிறது. மாணவர் எண்ணிக்கைக்கு வகுத்துப் பார்த்தால் கார்ல்டன், கிரின்னெல் மாதிரிக் கல்லூரிகள் பல பெரிய பெயர்களுக்கு மேலே இருக்கும். தெருவில் பெயர் தெரியாது, ஆனால் மேற்படிப்புக்குத் தேர்ந்தெடுக்கும் பேராசிரியர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இனி, வீட்டில் உட்கார்ந்தே செய்யக்கூடிய வேலை.

பாடப் பட்டியலை நம்பாதீர்கள். பட்டியலில் நாற்பது பாடம் இருக்கும், அது இட்லிக் கடை போர்டு மாதிரி: எல்லாம் எழுதியிருக்கும், கேட்டால் இன்று பொங்கல் மட்டும்தான். வரும் பருவத்தில் நிஜமாக நடக்கப்போகும் வகுப்புகளின் கால அட்டவணையைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் எல்லோரும் பார்க்கும்படியே இருக்கும். போன இரண்டு வருட அட்டவணையையும் பாருங்கள். மேல்நிலைப் பொருளியலில் எத்தனை நடந்தது? கணக்கில் ரியல் அனாலிசிஸ் வருடா வருடம் வருகிறதா, ஒரு வருடம் விட்டு ஒரு வருடமா? சின்னத் துறையில் எட்டுப் பேர் இருந்தால் எப்போதும் இரண்டு பேர் ஆய்வு விடுப்பில் இருப்பார்கள். என் துறையிலும் அப்படித்தான்.

ஒவ்வொரு கல்லூரியும் காமன் டேட்டா செட் என்று ஒரு ஆவணம் வெளியிடும். அதில் பி பகுதியில் முதல் வருடம் முடித்து எத்தனை பேர் திரும்ப வருகிறார்கள் என்பது இருக்கும். எச் பகுதியில் வெளிநாட்டு மாணவர்களுக்கு எவ்வளவு உதவி போகிறது, ஐ பகுதியில் வகுப்பில் எத்தனை பேர் என்று இருக்கும். சிரிக்கும் படம் எதுவும் கிடையாது. அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

மாணவர் பத்திரிகையைப் படிக்கச் சொல்லுங்கள். கிரின்னெலில் ஸ்கார்லெட் அண்டு பிளாக், 1894-இலிருந்து வருகிறது. கார்ல்டனில் கார்ல்டோனியன், மெக்காலெஸ்டரில் மேக் வீக்லி. ஆறு மாத இதழைப் புரட்டினால் போதும், அங்கே பிள்ளைகள் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

கடைசியாக, நான் முக்கியமாக நினைப்பது. மூன்றிலும் படிக்கும் பிள்ளைகளிடம் பேச முடியும், சேர்க்கை அலுவலகமே கோத்துவிடும். அவர்களிடம் "என்ன பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். ஆசிரியர்கள் அன்பானவர்கள், நண்பர்கள் நல்லவர்கள் என்று மூன்று இடத்திலும் ஒரே பதில் வரும். "இங்கே உனக்கு எரிச்சலூட்டுவது என்ன?" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரிக் கல்லூரிகளின் பெருமையெல்லாம் ஒன்றுதான், சலிப்புகள்தான் வேறு வேறு. எந்தச் சலிப்போடு நான்கு வருடம் குடித்தனம் நடத்த முடியும் என்பதை உங்கள் மகளால் மட்டும்தான் சொல்ல முடியும்.

---

பழைய_மாணவன் | ஏப்ரல் 7, காலை 7.30

துணைப்பாடம் சொல்வதை என் வயிற்றெரிச்சலோடு வழிமொழிகிறேன்.

நான் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். இரண்டு கல்லூரிக்கு நடுவில் தவித்து, கடைசியில் தரவரிசையில் நான்கு இடம் மேலே இருந்ததை எடுத்தேன். எனக்கு வேண்டியது மொழியியல். அந்தத் துறை என்பது ஒன்றரைப் பேராசிரியர். ஒருவர் என் இரண்டாம் வருடத்தில் வேறு ஊருக்கு வேலை மாறிப் போனார். அந்த அரைப் பேராசிரியரோடு மிச்சத்தை ஓட்டி, கடைசியில் உளவியலில் பட்டம் வாங்கினேன். கெட்டுப்போகவில்லை, ஆனால் அட்டவணையை இரண்டு மணி நேரம் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொன்று. லீவு நாட்களில் விடுதி திறந்திருக்குமா, சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்குமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் வாங்கிக்கொண்டு போய், டிசம்பரில் பதினெட்டு நாள் மைக்ரோவேவில் சேமியா செய்து சாப்பிட்டவன் நான்.

---

அடையாறு_ஆலமரம் | ஏப்ரல் 7, மதியம் 12.00

சரி, பி.எச்டி. விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். வேலை? பொருளியல் பட்டம் வாங்கினால் அங்கே ஒரு வருடம்தானே வேலை செய்யலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் மூன்று வருடம். ஒரு வருடத்தில் என்ன சம்பாதித்து என்ன திரும்பக் கொடுக்கப்போகிறாள்?

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 7, மதியம் 12.25

நல்ல கேள்வி, ஆனால் பதில் அவ்வளவு சுலபமில்லை. ஓ.பி.டி., அதாவது படித்து முடித்ததும் மாணவர் விசாவிலேயே வேலை செய்யும் அனுமதி, எல்லோருக்கும் 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணக்கு) பட்டியலில் உள்ள படிப்பென்றால் இன்னும் 24 மாதம் கூடும். பொருளியல் அந்தப் பட்டியலில் உண்டா இல்லையா என்பது கல்லூரி அந்தப் படிப்புக்குக் கொடுத்திருக்கும் சி.ஐ.பி. எண்ணை, அதாவது படிப்புகளை வகை பிரிக்கும் அரசு எண்ணை, பொறுத்தது. 45.0601 என்றால் பொதுப் பொருளியல், சேராது. 45.0603 என்றால் அளவியல் சார்ந்த பொருளியல், சேரும். பல கல்லூரிகள் இரண்டாவது எண்ணுக்கு மாறியிருக்கின்றன. மூன்று இடத்திலும் "உங்கள் பொருளியல் மேஜரின் சி.ஐ.பி. எண் என்ன?" என்று ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். கணக்கு மேஜர் எப்படியும் சேரும். இரட்டை மேஜர் என்றால் கவலையே இல்லை.

விசா விதிகள் நான்கு வருடம் இப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 11, இரவு 10.05

நான்கு நாள் நாங்கள் மூவரும் கடிதங்களோடு உட்கார்ந்தோம். கணக்குப்பிள்ளை சாருக்குக் கும்பிடு.

அ-வின் 6,200-இல் காப்பீடு சேரவில்லை, அது தனியாக 2,300. அதோடு வளாக வேலை 2,600-ஐயும் முன்கூட்டியே கழித்திருக்கிறார்கள். ஆ-வின் 7,100-இல் காப்பீடு உண்டு, வேலைத்தொகை 2,600 கழித்திருக்கிறது. இ-யின் 8,900-இல் காப்பீடு உண்டு, வேலையைக் கழிக்கவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைத்தால் அ 11,100, ஆ 9,700, இ 8,900. தலைகீழாகிவிட்டது! குறைவு என்று நான் ஒரு வாரமாக மனசுக்குள் முடிவு செய்து வைத்திருந்தது மூன்றிலும் அதிகம். இருபத்தெட்டு வருடம் வட்டிக் கணக்குப் பார்த்தவன் நான். வெட்கமாக இருந்தது.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. எனக்குக் கிரின்னெல், கட்டாயப் பாடம் இல்லை என்பதால். மகளுக்கு மெக்காலெஸ்டர், நகரம் என்பதால். மனைவிக்குக் கார்ல்டன். ஏன் என்று கேட்டால், அந்த ஆறு வார லீவு மார்கழியில் பாதி வருகிறதாம், வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்தில் இருக்கலாமாம். டிக்கெட் விலையைச் சொன்னேன். "பெருமாள் பார்த்துக்கொள்வார்" என்று பதில்.

---

பனிக்கரடி | ஏப்ரல் 11, இரவு 10.40

உங்கள் மனைவியின் ஓட்டுக்கு என் முழுமனதான ஆதரவு. டிக்கெட் எடுக்க முடியாத வருடம் அந்த லீவுக்கு எங்கள் வீட்டில் அறை இருக்கிறது. கார்ல்டனில் டேசி மோசஸ் என்ற பாட்டி கல்லூரிக்கு எழுதி வைத்துவிட்டுப் போன வீடு ஒன்று உண்டு. எந்த மாணவரும் எப்போது வேண்டுமானாலும் உள்ளே போய் பிஸ்கட் சுடலாம், மாவு சர்க்கரை எல்லாம் இருக்கும். ஒரே நிபந்தனை, பாத்திரத்தைக் கழுவி வைக்க வேண்டும். மகளிடம் சொல்லுங்கள்.

---

சோளக்காட்டு_அக்கா | ஏப்ரல் 12, காலை 7.15

பிஸ்கட்டைக் காட்டி ஆள் பிடிக்காதே தம்பி.

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 16, மாலை 6.30

வணக்கம். நான் அவருடைய மகள். அப்பா கணக்கிலிருந்து எழுதுகிறேன், அவர் பக்கத்தில்தான் இருக்கிறார்.

துணைப்பாடம் சார் சொன்ன கேள்வியை மூன்று இடத்திலும் இரண்டிரண்டு பேரிடம் கேட்டேன். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் பேச ஆரம்பித்தார்கள்.

கார்ல்டன் அக்கா ஒருவர் சொன்னது: "ஒரு பாடம் பிடிக்க ஆரம்பிக்கும்போது முடிந்துவிடும்." எனக்கு இது உறுத்தியது. நான் எதிலும் மெதுவாகச் சூடாகிறவள். பதினொன்றாம் வகுப்பில் கால்குலஸ் பிடிபட எனக்கு டிசம்பர் ஆனது. பத்து வாரம் என்றால் அந்த டிசம்பருக்கு முன்பே பரீட்சை முடிந்திருக்கும்.

மெக்காலெஸ்டர் அண்ணா சொன்னது: "சனிக்கிழமை வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் நகரத்துக்குள் போய்விடுவோம்." அவர் அதைச் சலிப்பாகச் சொன்னார், எனக்கு முதலில் பெருமையாகக் கேட்டது. இரண்டு நாள் கழித்து யோசித்தேன். நகரம் வேண்டும் என்று நான் சொன்னது, தனியாக மாட்டிக்கொள்வேனோ என்ற பயத்தில். எல்லோரும் வெளியே போன சனிக்கிழமையில்தான் நிஜமாகத் தனியாக இருப்பேன்.

கிரின்னெல் அக்கா சொன்னது: "வெள்ளிக்கிழமை இரவு போக ஊரில் இடமே கிடையாது. அதனால் எல்லோரும் இங்கேயேதான் கிடப்போம். பிடிக்காதவர்களையும் தினமும் மூன்று வேளை பார்க்க வேண்டும்." நான் உறையூரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். இது எனக்குப் பழக்கம்.

சி.ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். லீவில் சாப்பாட்டுக் கூடம் பற்றியும் கேட்டேன். சேமியா அண்ணாவுக்கு நன்றி.

---

துணைப்பாடம் | ஏப்ரல் 16, இரவு 11.05

தங்கச்சி, என் வகுப்பில் நீ இல்லையே என்று இருக்கிறது.

இன்னும் ஒன்று செய்து பார். வரும் பருவத்து நிஜ அட்டவணையை வைத்து, மூன்று கல்லூரிக்கும் உன் முதல் பருவத்தை எழுது. எந்தப் பாடம், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. இடம் நிரம்பிவிடும் என்று நினைக்கும் வகுப்புக்கு மாற்றும் எழுது. முதல் வருடப் பிள்ளைகள் கடைசியில்தான் பதிவு செய்வார்கள், அதையும் மனசில் வை.

---

அடையாறு_ஆலமரம் | ஏப்ரல் 17, காலை 9.00

கூட்டுக் குடும்பத்தோடு ஒப்பிட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்தப் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். என் எதிர்ப்பை வாபஸ் வாங்குகிறேன்.

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 24, இரவு 9.15

மூன்று அட்டவணையும் எழுதினாள். கார்ல்டன் தாள் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. மெக்காலெஸ்டர் தாளை இரண்டு தடவை கிழித்து எழுதினாள், பாடம் கிடைக்காமல் இல்லை, எல்லாம் வேண்டும் என்று ஆசைப்பட்டு. கிரின்னெல் தாளில் டியூட்டோரியல், கால்குலஸ், அறிமுகப் பொருளியல், வரலாறு என்று நான்கு. அது இப்போது சமையலறையில் கிரைண்டருக்கு மேலே ஒட்டியிருக்கிறது. ஒட்டியது அவள் அம்மா.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நேற்று அவளே கார்டை வாங்கி முன்பணம் கட்டினாள். மற்ற இரண்டு இடத்துக்கும் வர முடியவில்லை என்று நன்றி சொல்லி எழுதச் சொன்னேன். காத்திருப்போர் பட்டியலில் யாரோ ஒரு பிள்ளை இருக்கும் அல்லவா.

---

கணக்குப்பிள்ளை | ஏப்ரல் 24, இரவு 9.40

அருமை. ஒரே கேள்வி சார். கிரின்னெல் என்பது அ-வா, ஆ-வா, இ-யா?

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 24, இரவு 9.52

அ இல்லை. அதோடு விட்டுவிடுங்கள்.

---

பனிக்கரடி | ஏப்ரல் 25, காலை 6.10

மினசோட்டா தோற்றது. அம்மாவிடம் என் அனுதாபத்தைச் சொல்லுங்கள். வாழ்த்துகள்.

அடுத்த வேலை உடனே: ஐ-20 (விசாவுக்காகக் கல்லூரி அனுப்பும் சான்று) வந்த அன்றே செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசுப் பதிவேடு) கட்டணம் 350 டாலர் கட்டி, சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணல் தேதி பிடியுங்கள். 2025-இல் மே கடைசியில் புதிய தேதி கொடுப்பதையே மூன்று வாரம் போல நிறுத்திவிட்டார்கள். அப்போது தவித்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். தள்ளிப்போடாதீர்கள்.

---

உறையூர்_அப்பா | ஏப்ரல் 25, காலை 8.00

சரி தம்பி. அப்படியே ஒரு சந்தேகம். குளிர் கோட்டு, பூட்ஸ் எல்லாம் இங்கேயே சென்னையில் வாங்கிவிடலாமா? மனைவி பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார்.

---

சோளக்காட்டு_அக்கா | ஏப்ரல் 25, இரவு 7.45

ஒன்றும் வாங்காதீர்கள். சென்னையில் விற்கும் கோட்டு ஊட்டிக்குத்தான் சரி. ஆகஸ்டில் அவள் வந்து இறங்கும்போது இங்கே வேர்த்து ஊற்றும், அக்டோபர் வரை அவசரமில்லை. படிப்பு முடித்துப் போகிற பிள்ளைகள் மே மாதத்தில் நல்ல நல்ல கோட்டுகளை விட்டுவிட்டுப் போவார்கள், முதலில் அங்கே விசாரிக்கட்டும். பெட்டியில் இருக்கும் எடையைப் புளிக்காய்ச்சலுக்கும் பருப்புப் பொடிக்கும் வையுங்கள்.